இட்லிப்பூவும் மூணாம் அறிக்கையும்

குறைச்சலாகப் பேசுகிறவனை ஊர் நம்பிவிடும். அவனுக்கு நிறையத் தெரியும், அதனால்தான் வாயைத் திறக்கவில்லை என்று நினைத்துக்கொள்ளும். ஒன்றும் தெரியாததால் சும்மா இருக்கிறான் என்று ஒருத்தருக்கும் தோன்றாது.

நான் அந்த ரகம். படிப்பு எட்டாவது வரை. தச்சநல்லூரில் மோட்டாருக்குக் காயில், அதாவது செப்புக் கம்பிச் சுருள், கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறேன். எரிந்த மோட்டாரைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, "என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள். "எரிஞ்சிட்டு" என்பேன். "எப்பக் கிடைக்கும்?" "நாளைக்கு." என் தொழிலுக்கு இவ்வளவு தமிழ் போதும்.

இதை எழுதச் சொன்னது என் பெண்டாட்டி எஸ்தர். "நீங்களே எழுதிருங்க. மத்தவங்க சொன்னா ஆளுக்கு ரெண்டு சேத்துச் சொல்லுதாங்க" என்றாள். சரி, ஒத்துக்கொள்கிறேன். என் கல்யாணத்தையே சபை நடுவில், முன்னூறு பேர் பார்க்க, நிறுத்தியவன் நான்தான். ஒரு பூச்செடியை வைத்து நிறுத்தினேன். பதினைந்து வருசம் ஆகிறது.

கிறிஸ்மஸ் முடிந்த வாரம் பாளையங்கோட்டைக்குப் பொண்ணு பார்க்கப் போனோம். நானும் அம்மாவும். எஸ்தருடைய அப்பா தேவசகாயம் சார், ரிட்டயர்டு சயன்ஸ் வாத்தியார். பக்கத்தில் அவர் தம்பி ஜெயசிங், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர்தான் ஆரம்பித்தார்.

"தம்பி என்ன படிச்சிருக்காங்க?"

"எட்டு."

"எட்டுன்னா?"

"எட்டாங்கிளாஸ்."

அதற்குப் பிறகு அந்த அறையில் ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டது. (பேரிங் போயிருந்தது. சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை.)

தேவசகாயம் சார் நல்ல மனுசன். பேச்சை மாற்றினார். "வீட்டைச் சுத்தி இடம் கிடக்கா தம்பி?"

"கிடக்கு."

"என்ன வச்சிருக்கீங்க?"

வைத்திருந்தது நாலு செத்த மோட்டார், ஒரு பிளாஸ்டிக் டிரம், அம்மா எங்கிருந்தோ கம்பு வாங்கி ஊன்றிய ஒரு இட்லிப்பூச் செடி. மோட்டாரைச் சொன்னால் மரியாதையாக இருக்காது என்று பட்டது.

"இட்லிப்பூ" என்றேன்.

சார் நாற்காலியில் நிமிர்ந்துவிட்டார். "வெட்சியா! நானும் மூணு செடி வச்சேன் தம்பி. மூணும் மஞ்சளாப் போயிச் செத்துட்டு. நீங்க என்ன உரம் போடுதீங்க?"

"ஒண்ணும் போடல." (சத்தியமான உண்மை.)

"மருந்து?"

"அடிக்கல." (அதுவும் உண்மை. அந்தப் பக்கமே நான் போனதில்லை.)

சார் தம்பி பக்கம் திரும்பினார். "கேட்டியா ஜெயசிங்? மண்ணு பிடிபட்டவனுக்கு உரம் எதுக்கு?" பிறகு என்னிடம், ஆசையாக, "பூ எப்படித் தம்பி?"

கதவுப் பக்கம் எஸ்தர் நின்றாள். பச்சைச் சேலை. என்னைப் பார்த்துவிட்டுக் கீழே பார்த்தாள். என் வாய் அந்த நேரம் என் சொல் கேட்கவில்லை.

"கொத்துக் கொத்தா" என்றது.

அவ்வளவுதான். இதுவரைக்கும் நான் சொன்ன பொய்களிலேயே சின்னது இது. சார் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். பள்ளிக்கூட லீவில், மே மாசம் கல்யாணம் என்றார். அதோடு விட்டிருக்கலாம். "மூணாம் அறிக்கை அன்னைக்கு ஆல்டர்ல பூ வைக்கது நம்ம குடும்பம். கடைப்பூவே வேண்டாம். மாப்பிள்ளை வீட்டு இட்லிப்பூதான்!" என்றும் சொன்னார்.

(தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முந்தின மூன்று ஞாயிறும், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லுங்கள் என்று ஐயர் வாசிப்பார். ஐயர் என்றால் எங்கள் பக்கம் சபைப் போதகர். கோயில் என்றால் சர்ச், ஆல்டர் என்றால் அதன் பலிபீடம். இதுவரை யாரும் எழுந்து ஒன்றும் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் வாசித்தாக வேண்டும்.)

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"இதுவாலே கொத்துக் கொத்தா?"

செடி முழங்கால் உயரம் இருந்தது. இலையை எண்ணினேன். பதினேழு. அத்தனையும் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. பெரியாஸ்பத்திரியில் மஞ்சக்காமாலை வார்டு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. நட்டு மூன்று வருசத்தில் ஒரு பூவைக்கூட அது பார்த்ததில்லை.

"பூக்கும்" என்றேன்.

"எப்ப?"

"மே மாசம்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

பட்டறைக்குப் பக்கத்தில் இசக்கி அண்ணாச்சி டீக்கடை. அண்ணாச்சிக்குத் தெரியாத விசயம் கிடையாது. மோட்டாரைத் தவிர எல்லாவற்றுக்கும் யோசனை சொல்வார். (மோட்டாருக்கும் சொல்வார். நான் கேட்கமாட்டேன்.)

"ஏலே, பிள்ளைக்கு எலும்பு பலமா இருக்கணும்னா என்ன வேணும்? சுண்ணாம்புச் சத்து! செடி மட்டும் என்ன பாவம் செஞ்சுது? முட்டத்தோட்ட நுணுக்கிப் போடு. கூட ரெண்டு கை சுண்ணாம்பு. பத்து நாளுல பாரு, எப்படி நிக்குன்னு!"

போட்டேன். பத்து நாளில் பார்த்தேன். பதினேழு இலை பதினொன்று ஆகியிருந்தது. மஞ்சள் போய் வெள்ளை ஆரம்பித்திருந்தது.

அடுத்து நானாகவே ஒன்று செய்தேன். ஜங்சன் பக்கம் ஒரு வங்கி வாசலில் இட்லிப்பூச் செடியைப் பந்து மாதிரி வெட்டி விட்டிருந்தார்கள். சுற்றிலும் சிவப்பு. ஓகோ, முடி வெட்டினால் பூக்கும் போல என்று நினைத்தேன். தகரம் வெட்டுகிற கத்தரியை எடுத்து ஒரு கிராப் வெட்டிவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் எஸ்தர் போன் பண்ணினாள். அவள் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். பேசுவதற்குப் பஞ்சமில்லை.

"செடி எப்படி இருக்கு?"

"வெட்டுனேன்."

"எதை?"

"நுனிய."

"நுனியிலதான பூ வரும்!"

கையில் இருந்த தகரக் கத்தரியைக் கீழே வைத்தேன்.

"எத்தனை கொத்து போச்சு?"

"ஒண்ணுமில்ல."

"அப்ப, பூவே இல்லையா?"

"இல்ல."

"இதுக்கு முந்தி என்னைக்காவது?"

"இல்ல."

கல்யாணம் போச்சு என்று நினைத்தேன். பிறகு போனில் ஒரு மாதிரிச் சத்தம் வந்தது. அழுகிறாள் என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள். மூச்சு வாங்கி முடித்துவிட்டுத்தான் விசயத்தைச் சொன்னாள்.

"சித்தப்பா இன்னும் வேண்டாம்னுதான் சொல்லுதாரு. எட்டாங்கிளாஸ், எட்டாங்கிளாஸ்னு தினமும் வந்து அரிக்காரு. அப்பா உங்க செடிய வச்சுத்தான் வாதாடிக்கிட்டு இருக்காவ. செத்த செடி வளக்கவனுக்குக் கொடுக்கலே, பூக்க வச்சவனுக்குக் கொடுக்கேன்ங்காவ. அது பொய்னு தெரிஞ்சிட்டா அப்பாவால வாயத் திறக்க முடியாது. எல்லாம் நின்னுரும். என்ன செய்வீங்களோ, பூக்க வையுங்க."

போனை வைத்துவிட்டாள். நான் கொல்லைக்குப் போய்ச் செடி முன்னால் நின்றேன். கிராப் வெட்டிய பதினொரு இலை. அதன் மேல் என் கல்யாணம்.

பிப்ரவரி மாதம் ஒரு நீர்மூழ்கி மோட்டார் வந்தது. கங்கைகொண்டான் பக்கம் ஒரு போர்வெல்லில் கிடந்தது. மூடியைக் கழற்றினேன். உள்ளே சுவர் மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. சுத்தியல் வைத்துத் தட்டித்தான் எடுக்க வேண்டும். எங்கள் பக்கம் போர் தண்ணி அப்படி. சுண்ணாம்பும் உப்பும் ஏறிக்கிடக்கும். வருசத்துக்கு நூறு மோட்டார் எனக்கு அப்படித்தான் வரும்.

தட்டிக்கொண்டே இருந்தவன் சுத்தியலை அப்படியே நிறுத்தினேன்.

மோட்டாருக்கே இந்தக் கதி என்றால் செடிக்கு?

அந்தச் செடிக்கு மூன்று வருசமாக அம்மா ஊற்றியது இதே போர் தண்ணி. அதற்கு மேல் அண்ணாச்சி சொல்லி நான் போட்டது இன்னும் ரெண்டு கை சுண்ணாம்பு! சார் வீட்டிலும் போர் தண்ணிதான். அவருடைய மூன்று செடியும் மஞ்சளாகிச் செத்ததும் இதனால்தான்!

இருபது வருசம் தொழில் செய்கிறேன், அன்றைக்கு வந்த சந்தோசம் எனக்கு எந்த மோட்டாரிலும் வந்ததில்லை. எழுந்து டீக்கடைக்கு ஓடினேன். நான் ஓடி யாரும் பார்த்ததில்லை. அண்ணாச்சி பாய்லரை விட்டுவிட்டு வெளியே வந்தார்.

"என்னலே? கரண்டு அடிச்சிட்டா?"

"தண்ணி!" என்றேன்.

அவர் ஒரு தம்ளரில் தண்ணி மோந்து கொடுத்தார்.

அன்றைக்கே வேலையை ஆரம்பித்தேன். செடியை வேரோடு, சுற்றி மண்ணோடு பெயர்த்தேன். டிரம்மைப் பாதியாக வெட்டி, அடியில் ஓட்டை போட்டேன். ஒட்டியிருந்த சுண்ணாம்பு மண்ணைப் பைய உதிர்த்துவிட்டு, செம்மண்ணும் மக்கிய சாணியும் கலந்து நட்டேன். டீத்தூள் சக்கை போட்டால் நல்லது என்று ஒரு நர்சரிக்காரர் சொன்னார். அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"தாறேன். ஆனா மூணு தடவ கொதிச்ச பொறவுதான் தருவேன்" என்றார். (அவர் கடையில் டீ குடித்தவர்களுக்கு இது முன்பே தெரியும்.)

தண்ணிக்கு ஆற்றுக்குப் போனேன். தினமும் காலையில் மொபெட்டில் ரெண்டு கேன் கட்டிக்கொண்டு வண்ணார்பேட்டைப் படித்துறை. தாமிரபரணித் தண்ணியில் சட்டி கழுவினால்கூட வெள்ளை படியாது. அது எனக்குத் தெரியும். செடிக்குப் பொருத்திப் பார்க்கத்தான் இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

படித்துறையில் குளிக்கிறவர்கள் முதல் வாரம் சும்மா பார்த்தார்கள். ரெண்டாவது வாரம் ஒருத்தர் கேட்டார். "என்ன வே, தினமும் ரெண்டு கேன்? வீட்டுல ஏதும் விசேசமா?"

"செடிக்கு."

"தோப்பா?"

"ஒண்ணு."

"ஒரு தோப்புக்கு ரெண்டு கேன் காணுமா?"

"ஒரு செடி."

அவர் தண்ணிக்குள் முங்கினார். நான் கேன் ரெண்டையும் கட்டி வண்டியை எடுக்கிறவரைக்கும் மேலே வரவில்லை.

மார்ச்சில் புது இலை விட்டது. பச்சை! வார்னிஷ் அடித்த மாதிரி மினுமினுப்பு. நான் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். சோறு வைத்துவிட்டு அம்மா கூப்பிட்டால் "இந்தா வாறேன்" என்று சொல்லிவிட்டு அங்கேயே நிற்பேன். ஏப்ரல் ஆரம்பத்தில் ஒரு நாள், நுனியில் குண்டூசித் தலை அளவுக்கு என்னவோ தெரிந்தது. பூச்சி முட்டையோ என்று பயந்து கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். மொட்டு! ஒன்று இல்லை, ஒரு நுனியில் நாற்பது, ஐம்பது!

பட்டறையைப் பூட்டினேன். எஸ்தர் ஆபீசுக்கே போன் போட்டேன். வேலை நேரத்தில் கூப்பிடக் கூடாது என்று சொல்லியிருந்தாள்.

"மொட்டு வந்துட்டு எஸ்தர், ஒரு நுனியில இல்ல, எல்லா நுனியிலயும் வந்துட்டு, குண்டூசி மாதிரி இருக்கு, சிவப்பாத்தான் வரும்னு நினைக்கேன், அடியில லேசா சிவப்பு தெரியுது!"

"யாரு பேசுதது?" என்று கேட்டாள்.

மே மாசம் பதினொரு கொத்து. எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். புதுக் காப்பர் கம்பி உருளையில் வரும்போது ஒரு சிவப்பு இருக்கும், அதைத் தூக்கிச் சாப்பிடும் சிவப்பு. ஒவ்வொன்றும் ஒரு இட்லி அளவு. டிரம்மை வாசலுக்கு நகர்த்தி வைத்தேன்; தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நான் பட்டறை ஸ்டூலைத் தூக்கி வந்து செடி பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டேன், யாராவது ஏதாவது கேட்க மாட்டார்களா என்று.

அந்தச் செடியில் இன்னும் ஒரு குடித்தனமும் இருந்தது. முசுறு. இலைகளைச் சேர்த்துத் தைத்துத் தேங்காய் அளவுக்குக் கூடு கட்டுகிற சிவப்பு எறும்பு. மாமரத்தில் ஏறி அதனிடம் கடி வாங்கினவனைக் கேட்டால் சொல்வான். கலைத்துவிடலாம் என்று கம்பை எடுத்தேன். அண்ணாச்சி தடுத்தார்.

"கோட்டிக்காரா! முசுறு இருக்க செடியில புழு அண்டாதுலே. சம்பளம் இல்லாத காவல்காரன், தெரியுமா?"

முதன்முறையாக அண்ணாச்சி சரியாகச் சொன்னார். ஒரு இலையில்கூடப் புழு இல்லை. கூடு செடியின் நடுவில், அழகான மூன்று கொத்துக்கு அடியில் இருந்தது. இருக்கட்டும் என்று விட்டேன்.

மூணாம் அறிக்கைக்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஒரு கொத்தை வெட்டிச் சொம்பில் வைத்துப் பார்த்தேன். சனிக்கிழமை காலையில் சொம்பைச் சுற்றிச் சிவப்பாகக் கொட்டிக்கிடந்தது. காம்பு மட்டும் நின்றது. இதை வெட்டிக் கொண்டுபோனால் பிரசங்கம் முடிவதற்குள் ஆல்டரில் வெறும் குச்சிதான் இருக்கும்.

முடிவு செய்தேன். செடியையே கொண்டுபோவது. டிரம்மோடு.

கூட்டை என்ன செய்ய? கலைத்தால் அந்த மூன்று கொத்தும் போகும். ஒரு பெரிய கேரி பேக்கை எடுத்து, கூட்டை முழுசாக உள்ளே விட்டு, காயில் கட்டுகிற நாடாவால் வாயை இறுக்கிக் கட்டினேன். மோட்டாருக்குள் கட்டுகிற கட்டு. பிரியவே பிரியாது. ஒரு எறும்பு வெளியே வரவில்லை. எனக்கே என்னைப் பாராட்டத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லோடு ஆட்டோவில் ஏற்றி, அம்மாவை டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்து, நான் பின்னால் நின்று டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பாளையங்கோட்டை போய்ச் சேர்ந்தேன். (மூணாம் அறிக்கைக்கு மாப்பிள்ளை பொண்ணுடைய சபைக்குப் போகிற வழக்கம் இல்லை. நான் செடிக்குத் துணைக்குப் போனேன்.) வழியெல்லாம் பள்ளம். கேரி பேக் உள்ளே என்னவோ கொதிக்கிற மாதிரி அசைந்தது.

கோயிலில் மாசிலாமணி நின்றார். கதவு திறக்க, மணி அடிக்க, பெஞ்சு துடைக்க அவர்தான். சுத்தத்துக்கு உயிரை விடுவார். ரெண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு போய் ஆல்டர் படிக்குப் பக்கத்தில், முன் பெஞ்சு ஓரத்தில் வைத்தோம்.

"பூ ஜோரா இருக்கு மாப்பிள்ளைத் தம்பி! ஆமா, நடுவுல இது என்ன பை?"

ஒரே ஒரு வார்த்தை. மூன்று எழுத்து. சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது.

"இருக்கட்டும்" என்றேன். போய் ஆறாவது பெஞ்சில் உட்கார்ந்தேன்.

தேவசகாயம் சார் வெள்ளை வேட்டி, வெள்ளை ஜிப்பாவில் வந்தார். செடியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடியும் பார்த்தார். ஜெயசிங்கை இழுத்து வந்து காட்டினார். ஒவ்வொரு கொத்தாகத் தொட்டுக் காட்டினார். பிறகு அதைவிட்டுப் பிரிய மனசில்லாமல், முன் பெஞ்சில் செடியை ஒட்டியே உட்கார்ந்தார். ஜெயசிங்கும் பக்கத்தில் உட்கார்ந்தார். பெண்கள் பக்கத்தில் இருந்து எஸ்தர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு நெஞ்சு ஃபுல் ஸ்பீடில் ஓடியது. ஜெயித்தாயிற்று!

முதல் பாட்டு முடிந்தது. ஜெபம். எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. செடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பை இல்லை.

மாசிலாமணியைத் தேடினேன். பின் சுவர் ஓரமாக நின்றார். கக்கத்தில், என் நாடாவோடு, நாலாக மடித்த கேரி பேக். பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நின்ற நேரத்தில், கோயிலுக்குள் கேரி பேக்கா என்று கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டார்.

ஒரு கிளை முன் பெஞ்சின் கைப்பிடியில் சாய்ந்திருந்தது. கிளையில் இருந்து கைப்பிடிக்கு, கைப்பிடியில் இருந்து பெஞ்சு முதுகுக்கு, சிவப்பாக ஒரு கோடு போனது. பெஞ்சு முதுகில் இருந்து ஒரு கிளைக் கோடு வெள்ளை ஜிப்பாவில் ஏறியது. இன்னொன்று கீழே வேட்டிப் பக்கம் இறங்கியது.

எழுந்து சொல்லலாம். ஆனால் ஜெப நேரம். பிறகு வேதபாடம் வாசித்தார்கள். அதற்கு நடுவில் எப்படி எழ? அதற்குள் ஐயர் அறிவிப்புக் காகிதத்தை எடுத்துவிட்டார். என் பேர் வந்தது. என் அப்பா பேர் வந்தது. எஸ்தர் பேர் வந்தது.

"இது மூன்றாம் அறிக்கை. இவர்கள் விவாகத்துக்குத் தடை அறிந்தவர் எவராவது இருந்தால் எழுந்து சொல்லலாம்" என்று வாசித்து, வழக்கம் போல ஒரு விநாடி நிறுத்தினார்.

"ஐயோ!" என்று தேவசகாயம் சார் எழுந்தார்.

ஐயர் காகிதத்தை இறக்கினார். முப்பது வருசம் ஊழியத்தில் இருந்தவர். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"சார், நீங்களா? பொண்ணுக்கு அப்பா நீங்கதான?"

"தாங்க முடியல ஐயரே! தாங்க முடியல!"

அடுத்த விநாடி ஜெயசிங் எழுந்தார். முகமெல்லாம் வெளிச்சம். "நல்லாச் சொன்னீங்க அண்ணே! அஞ்சு மாசமா நான் இதைத்தான ஐயரே சொல்லுதேன்! எட்டாங்கிளாஸ்! வெறும் எட்டாங்... ஆ! ஆத்தாடி!"

அவரும் குதித்தார்.

அண்ணன் ஒரு பக்கம் வேட்டியை உதறுகிறார், தம்பி பெஞ்சு மேல் ஏறி நிற்கிறார். என் அம்மாவுக்கு எதுவும் விளங்கவில்லை. சம்பந்தம் முறிந்தது என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அப்போதுதான் எனக்குக் கால் வந்தது. எழுந்தேன்.

"முசுறு" என்றேன்.

விளக்கம் கேட்க யாரும் இல்லை. முன்னூறு பேரும் காலைத் தூக்கிப் பெஞ்சு மேல் வைத்தார்கள். ஐயர் அங்கியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ரெண்டு படி மேலே போனார்.

நான் ஓடிப்போய் டிரம்மைக் கட்டிப்பிடித்தேன். தூக்க முடியவில்லை. முசுறு என் கழுத்து, காது, சட்டைக்குள் என்று குடியேறியது. மறுபக்கம் ரெண்டு கை வந்து டிரம்மைப் பிடித்தது. எஸ்தர். சேலையை இழுத்துச் செருகியிருந்தாள்.

"தூக்குங்க!" என்றாள்.

நடுப்பாதை வழியாக, சபை ரெண்டு பக்கமும் காலைத் தூக்கி உட்கார்ந்திருக்க, நாங்கள் ரெண்டு பேரும் செடியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனோம். (கல்யாணத்தன்று ஊர்வலமாக நடந்ததைவிட அதைத்தான் எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.)

ஆராதனை முடிந்ததும் ஆல்டர் பின்னால் இருக்கிற சின்ன அறையில் விசாரணை. சார் கால் ரெண்டிலும் மருந்து தேய்த்து உட்கார்ந்திருந்தார். ஜெயசிங் உதடு வீங்கியிருந்தது. பேச முடியவில்லை. கர்த்தர் பெரியவர்.

"எறும்புன்னு எனக்குத் தெரியுது சார்" என்றார் ஐயர். "ஆனா தடை கேட்ட நேரத்துல சபை நடுவுல எழுந்துட்டீங்க. காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் நான் கல்யாணம் நடத்த முடியும்."

சார் பேனாவை எடுத்து எழுதினார். நான் எழுந்தது எறும்பினால், மாப்பிள்ளையினால் அல்ல. கையெழுத்துப் போடப் போனார். ஐயர் என்னைப் பார்த்தார்.

"வேற ஏதும் சொல்ல வேண்டியது இருக்கா தம்பி?"

இல்லை என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். கழுத்து எரிந்தது. அந்தப் பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. எஸ்தர் கதவில் நின்றாள்.

சொல்லிவிட்டேன். டிசம்பரில் அந்தச் செடியில் பூவே கிடையாது, ஒருநாளும் பூத்தது கிடையாது, பதினேழு மஞ்ச இலைதான் இருந்தது, கொத்துக் கொத்தாக என்று சொன்னது பொய், முட்டைத்தோடு போட்டேன், நுனியை வெட்டினேன், மோட்டாரைத் திறந்தேன், எல்லாம் சொன்னேன். என் ஆயுசில் நான் ஒரே மூச்சில் பேசியது அதுதான். முடித்தபோது வாய் வறண்டுவிட்டது.

சார் பேனாவைக் கீழே வைத்தார்.

ஜெயசிங் வீங்கின உதட்டோடு "ம்ம்! ம்ம்!" என்று என்னைக் கைகாட்டினார்.

"அப்போ," என்றார் சார் மெதுவாக, "டிசம்பர்ல அது சாகக் கிடந்த செடி."

"ஆமா."

"என் செடி மாதிரியே. மஞ்சளா. நரம்பு மட்டும் பச்சையா."

"ஆமா."

"அதை அஞ்சு மாசத்துல இப்படிக் கொண்டுவந்துட்டீங்க."

நான் தலையை ஆட்டினேன்.

சார் வீங்கின காலைத் தரையில் ஊன்றி, நாற்காலியோடு என் பக்கம் நகர்ந்து வந்தார். "என்ன தண்ணி ஊத்துனீங்க?"

"ஆத்துத் தண்ணி. போர் தண்ணியில சுண்ணாம்பு."

"சுண்ணாம்பு!" சார் நெற்றியில் அடித்துக்கொண்டார். "முப்பத்தஞ்சு வருசம் பிள்ளையளுக்கு அமிலம், காரம்னு நடத்துனேன்! என் தோட்டத்துல எனக்குத் தோணலயே! செம்மண்ணு எங்கேருந்து எடுத்தீங்க? எவ்வளவு சாணி?"

ஐயர் தொண்டையைச் செருமினார். "சார், கையெழுத்து."

"இந்தா போடுதேன் ஐயரே, பொறுங்க. சாணி எவ்வளவு மாப்பிள்ளை?"

தம்பி என்று கூப்பிடவில்லை. கவனித்தேன்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. என் கழுத்தில் இருந்த தடிப்புக்கு எஸ்தர் சித்தி பவுடர் போட்டார்கள். போட்டோவில் என் முகம் கறுப்பு, கழுத்து மட்டும் வெள்ளை.

அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் யாருக்கு அறிக்கை வாசித்தாலும் ஒரு வழக்கம் வந்துவிட்டது. தடை என்ற வார்த்தை வந்ததும் அத்தனை தலையும் தேவசகாயம் சார், இப்போது எனக்கு மாமா, உட்கார்ந்திருக்கிற பக்கம் திரும்பும். மாமா நேராக முன்னால் பார்த்துக்கொண்டு இருப்பார். சின்னப் பிள்ளைகள் காலைத் தூக்கிப் பெஞ்சில் வைத்துக்கொள்ளும்.

போன மாசம் ஜெயசிங் மகளுக்கு மூணாம் அறிக்கை. ஐயர் புதுசு, சின்ன வயசு, கதை தெரியாது. தடை அறிந்தவர் இருந்தால் எழுந்து சொல்லலாம் என்று வாசித்து நிறுத்தினார். தலையெல்லாம் திரும்பியது.

மாமாவுக்கு இப்போது எண்பது வயசு. கம்பை ஊன்றி, பைய எழுந்து நின்றார்.

ஐயர் முகத்தில் ரத்தம் இல்லை. முன் பெஞ்சில் ஜெயசிங் திரும்பி அண்ணனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

மாமா பெஞ்சின் முதுகை ஒரு தரம் தடவிப் பார்த்தார். குனிந்து வேட்டியை ரெண்டு தட்டுத் தட்டினார்.

"இன்னைக்கு ஒண்ணுமில்ல ஐயரே, வாசிங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.